கண்ணாடியில் தெரியும் பிம்பம் மங்கலா? அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிக்கும் வழி

"மற்ற படமெல்லாம் நன்றாக வருது, கண்ணாடி முன்னால் எடுத்தால் மட்டும் மங்கலாகுது" என்று கேமராவை நீட்டுகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது அளவு டேப். லென்ஸைக் கழற்றுவதெல்லாம் அப்புறம்தான். பெரும்பாலான சமயம் டேப்போடு வேலை முடிந்துவிடும்.

கேமராவிலிருந்து கண்ணாடி வரை அளந்துகொள்ளுங்கள். கண்ணாடியிலிருந்து ஆள் நிற்கும் இடம் வரை இன்னொரு அளவு. இரண்டையும் கூட்டினால் வருவதுதான் ஃபோகஸ் நிற்க வேண்டிய தூரம். முதல் அளவு 1 மீட்டர், இரண்டாவது ஒன்றரை மீட்டர் என்றால் லென்ஸ் இரண்டரை மீட்டரில் நிற்க வேண்டும். கண்ணாடி 1 மீட்டரில்தானே மாட்டியிருக்கிறது என்று அங்கே வைத்தால், கண்ணாடி மேலிருக்கும் தூசி பளிச்சென்று விழும், முகம் விழாது. சாய்வாக நின்று எடுக்கிறீர்கள் என்றால், லென்ஸ் கண்ணாடியின் எந்த இடத்தைப் பார்க்கிறதோ அந்த இடத்துக்குத்தான் இரண்டு பக்கமும் அளக்க வேண்டும்.

அடுத்து, மங்கலாக வந்த படத்தை முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். அதில் எது கூர்மையாக இருக்கிறது? கீழே உள்ள எந்தத் தலைப்புக்குப் போவது என்பதை அதுதான் சொல்லும்.

## கண்ணாடிச் சட்டமும் தூசியும் கூர்மை, முகம் மங்கல்

அடிக்கடி வருவது இதுதான். ஃபோகஸ் கண்ணாடியைத் தாண்டிப் போகவில்லை.

முதல் சோதனைக்குச் செலவே இல்லை. ஃபோகஸ் பகுதியைத் தானாகத் தேர்வதிலிருந்து ஒற்றைப் புள்ளிக்கு மாற்றுங்கள். அந்தப் புள்ளியைச் சட்டத்தின் ஓரத்திலிருந்து தள்ளி, பிம்பத்தில் இருக்கும் கண்ணிமை, சட்டைக் காலர் மாதிரி அழுத்தமான விளிம்பு உள்ள இடத்தில் வையுங்கள். சட்டம் என்பது நேரான, அழுத்தமான, கிட்டத்தில் இருக்கும் கோடு. கேமராவை அதன் விருப்பத்துக்கு விட்டால் அங்கேதான் போய் ஒட்டும்.

புள்ளி முகத்தில்தான் இருக்கிறது, இருந்தும் மங்கல் என்றால் கண்ணாடியைக் கிட்டப் போய்ப் பாருங்கள். ஒரு நடனப் பயிற்சி அறையில், சுவர் முழுக்கக் கண்ணாடி. வரிசையில் நின்றவர்களில் ஒரே ஒருவர் முகம் மட்டும் எத்தனை முறை எடுத்தாலும் மங்கலாக வந்தது. டார்ச்சைக் கண்ணாடியோடு ஒட்டிச் சாய்த்து அடித்ததும் தெரிந்தது. அவர் முகம் விழும் உயரத்தில் யாரோ உள்ளங்கையை ஊன்றியிருக்கிறார்கள். ஐந்து விரலும் பதிந்திருந்தது, ரேகைக் கோடுகளை எண்ணலாம்போல அவ்வளவு தெளிவு. ஃபோகஸ் அந்த ரேகை மேல் போய் உட்கார்ந்திருந்தது. துடைத்த பிறகு முதல் படமே சரியாக வந்தது.

துடைக்கும்போது திரவத்தை நேராகக் கண்ணாடியில் தெளிக்காதீர்கள். வழிந்து அடிவிளிம்பில் இறங்கினால் ரசம் ஓரத்திலிருந்து கறுக்கத் தொடங்கும். துணியில் தெளித்துத் துடையுங்கள்.

கண்ணாடி சுத்தம், புள்ளியும் சரி. அப்படியும் ஒரு படம் கூர்மை, அடுத்த படம் மங்கல் என்று மாறி மாறி வந்தால் முகம் அறியும் வசதியை அணைத்துப் பாருங்கள். ஒருவரின் தோளுக்குப் பின்னாலிருந்து கண்ணாடியைப் பார்த்து எடுக்கும்போது நிஜக் கன்னம் ஒன்று, பிம்ப முகம் ஒன்று என்று கேமராவுக்கு இரண்டு கிடைக்கும். அது இங்கும் அங்கும் தாவும்.

அடுத்த காரணம், தூரத்தை எதையாவது அனுப்பி அளக்கும் கருவிகளுக்கு மட்டும். 1978-இல் வந்த போலராய்டு எஸ்எக்ஸ்-70 சோனார் கேமரா காதுக்கு எட்டாத ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை வைத்து ஃபோகஸ் செய்தது. நேராக நின்று எடுத்தால் ஒலி கண்ணாடிப் பரப்பில் பட்டுத் திரும்பிவிடும். அதனால் ஃபோகஸ் கண்ணாடி மேலேயே நிற்கும். அந்த மாதிரிக் கேமராவில் கையால்தான் ஃபோகஸ் வைக்க வேண்டும். 2014-இல் எல்ஜி ஜி3 வந்ததிலிருந்து பல ஃபோன்களில் லேசர் உதவி ஃபோகஸ் இருக்கிறது. அழுக்கான கண்ணாடியிலும், ஃபோனை நேருக்கு நேர் பிடிக்கும்போதும் அது ஏமாறலாம். ஃபோனைச் சற்றே சாய்த்துப் பிடியுங்கள். லென்ஸுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்னக் கறுப்பு ஜன்னலை விரலால் மூடியும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். மூடினால் சரியாகிறது என்றால் காரணம் அதுதான். சர்வீஸுக்குக் கொண்டு போகத் தேவையில்லை.

மற்ற கேமராக்கள் வரும் ஒளியை வைத்தே ஃபோகஸ் செய்பவை. கண்ணாடியிலிருந்து வரும் ஒளி அவற்றுக்கு நேராக வரும் ஒளி மாதிரிதான், தனி அமைப்பு எதுவும் தேவையில்லை.

## முகம் கூர்மை, சட்டம் மங்கல், எனக்கு இரண்டும் வேண்டும்

இது கோளாறே இல்லை. ஆனாலும் கோளாறு என்றே கொண்டு வருகிறார்கள்.

நீங்களே கேமராவோடு கண்ணாடி முன் நின்று எடுக்கும் படத்தில் சட்டம் 1 மீட்டரில் இருந்தால் உங்கள் பிம்பம் 2 மீட்டரில் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒன்றரை மீட்டரில் வைக்கத்தான் தோன்றும். அது கொஞ்சம் அதிகம். கண்ணாடிக்கு உள்ள தூரத்தோடு அதன் மூன்றில் ஒரு பங்கைச் சேர்த்தால் போதும். இங்கே அது சுமார் 1.33 மீட்டர். அங்கே வைத்துவிட்டு அபெர்ச்சரை, அதாவது லென்ஸில் ஒளி நுழையும் துளையைச் சுருக்குங்கள். எஃப் எண் கூடக் கூடத் துளை சிறுக்கும்.

எவ்வளவு சுருக்குவது என்பது லென்ஸைப் பொறுத்தது. முழுச் சட்டக (35 மி.மீ. ஃபிலிம் அளவுள்ள) சென்சாரில் 28 மி.மீ. லென்ஸ் என்றால் எஃப் 8-இல் இரண்டும் வந்துவிடும். 50 மி.மீ. லென்ஸுக்கு எஃப் 22 வரை போக வேண்டியிருக்கும், அங்கே படம் மொத்தமாகவே மென்மையாகிவிடும். ஆகவே 50-இலும் அதற்கு மேலும் நான் அபெர்ச்சரோடு மல்லுக்கட்டுவதில்லை. முக்காலியில் வைத்து, சட்டத்துக்கு ஒரு படம், முகத்துக்கு ஒரு படம் எடுத்துக் கணினியில் சேர்த்துவிடுவேன்.

ஃபோனின் முதன்மைக் கேமராவில் இந்தப் பிரச்சினை குறைவு. அங்கே சட்டம் மங்கினால் போர்ட்ரெய்ட் முறை ஓடுகிறதா என்று பாருங்கள். பின்னணியை மங்கவைக்கும் மென்பொருள், கண்ணாடி உள்ள காட்சியில் எது முன், எது பின் என்று குழம்பிச் சட்டத்தின் ஒரு பக்கத்தை மட்டும் கரைத்துவிடும். சாதாரண முறைக்கு மாறுங்கள்.

## ஃபோகஸ் முன்னும் பின்னும் ஓடுகிறது, நிற்கவே இல்லை

வெளிச்சத்தை முதலில் பாருங்கள். பிம்பத்தில் ஃபோகஸ் புள்ளி விழும் இடம் வெறும் சுவரா, இருட்டா? விளக்கைப் போடுங்கள், புள்ளியை நகர்த்துங்கள். குளியலறைக் கண்ணாடி என்றால் ஆவி. கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிய படலம் இருந்தாலே பிடிமானம் போய்விடும்.

அடுத்து, லென்ஸின் பக்கத்தில் தூர வரம்புச் சுவிட்ச் இருக்கிறதா? டெலிஃபோட்டோ, மேக்ரோ லென்ஸ்களில் இருக்கும். "3 மீட்டர் முதல் முடிவிலி" என்ற நிலையில் அது கிடக்கும்போது கூட்டுத் தூரம் இரண்டரை மீட்டர் என்றால் லென்ஸ் அந்தப் பக்கம் வரவே வராது. இதைத் தட்டிவிட்டே நான் சிலரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

மூன்றாவது, மிகக் கிட்டம். லென்ஸின் குறைந்தபட்ச ஃபோகஸ் தூரம் 45 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். கண்ணாடி 30 செ.மீ.யில், முகம் கண்ணாடியிலிருந்து 30 செ.மீ.யில். கூட்டினால் 60, ஆக முகம் கூர்மையாக வரும். ஆனால் கண்ணாடி மேல் இருக்கும் கீறலையோ நீர்த்துளியையோ படமெடுக்க வேண்டுமென்றால் அதே இடத்திலிருந்து முடியாது. அது 30-இல் இருக்கிறது. பின்னால் நகர வேண்டும்.

இவ்வளவும் பார்த்துவிட்டீர்கள், இன்னும் ஓடுகிறது என்றால் கையால் வையுங்கள். திரையில் பிம்பத்தைப் பெரிதாக்கி, ஃபோகஸ் வளையத்தை மெல்லத் திருப்பினால் வந்துவிடும். கையாலும் எந்தத் தூரத்திலும் கூர்மை வரவில்லை, கண்ணாடி இல்லாத காட்சியிலும் அப்படித்தான் என்றால் மட்டும் லென்ஸைப் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள்.

## சட்டம் கூர்மை, பிம்பம் மட்டும் ஒரு பக்கமாக இழுபட்டிருக்கிறது

இது ஃபோகஸ் பிழை இல்லை. பிம்பத்தில் ஒளிப்புள்ளி எதையாவது, கம்மலில் விழும் மினுக்கு மாதிரி, பெரிதாக்கிப் பாருங்கள். ஃபோகஸ் பிசகினால் அது வட்டமாக ஊதியிருக்கும். ஆடினால் கோடாக நீண்டிருக்கும். கோடு என்றால் ஆடியது ஆளா, கண்ணாடியா?

கண்ணாடி ஆடுவதைப் பலர் யோசிப்பதே இல்லை. கண்ணாடி 1 மி.மீ. முன்னே நகர்ந்தால் பிம்பம் 2 மி.மீ. நகரும். 1 பாகை திரும்பினால் அதிலிருந்து வரும் ஒளி 2 பாகை திரும்பும். ஒற்றை ஆணியில் தொங்கும் கண்ணாடி, அலமாரிக் கதவில் பதித்த கண்ணாடி இரண்டும் காற்றாடிக் காற்றுக்கும் காலடி அதிர்வுக்கும் ஆடிக்கொண்டே இருக்கும். முக்காலி எவ்வளவு உறுதியாக இருந்தாலும் அதற்கு உதவாது.

பிம்பத்தில் ஓர் அசையாத பொருளைப் பாருங்கள், எதிர்ச் சுவரின் கடிகாரம் போதும். அதுவும் இழுபட்டிருந்தால் கண்ணாடிதான். கண்ணாடிக்குப் பின்னால் கீழ் மூலைகளில் மடித்த துணியைச் செருகி அசையாமல் செய்யுங்கள், காற்றாடியை நிறுத்துங்கள். ஷட்டர் வேகத்தை 1/250 விநாடிக்கு உயர்த்துங்கள். கடிகாரம் கூர்மையாக இருந்து ஆள் மட்டும் இழுபட்டிருந்தால் ஆடியது ஆள். அப்போது ஷட்டர் வேகம் ஒன்றே போதும்.

கண்ணாடிச் சட்டம் உட்பட எல்லாமே சேர்ந்து இழுபட்டிருந்தால் கேமராதான் ஆடியிருக்கிறது. முக்காலியில் டிஎஸ்எல்ஆர் (உள்ளே மேலெழும் கண்ணாடி உள்ள கேமரா) வைத்து ஏறத்தாழ 1/8 முதல் 1/60 வரை உள்ள வேகங்களில் எடுத்தால், உள்ளே இருக்கும் கண்ணாடி மேலே எழும்பி மோதும் அதிர்வே படத்தில் பதியும். கண்ணாடியை முன்பே தூக்கி நிறுத்தும் வசதியும் 2 விநாடித் தாமதமும் இதற்குத்தான்.

## ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரட்டைப் பிம்பம்

முதலில் லென்ஸின் முன்னால் திருகியிருக்கும் பாதுகாப்பு ஃபில்டரைக் கழற்றுங்கள். விளக்குகள் படத்தின் நடுப்புள்ளிக்கு எதிர்ப்பக்கத்தில் தலைகீழாக மங்கலாகத் தெரிந்தால் ஃபில்டர்தான் காரணம், கழற்றியதும் போய்விடும்.

போகவில்லையா? பென்சில் முனையைக் கண்ணாடியில் தொட்டு வையுங்கள். முனைக்கும் அதன் பிம்பத்துக்கும் நடுவில் இடைவெளி தெரிந்தால் ரசம் பின்பக்கம் இருக்கிறது. வீட்டுக் கண்ணாடிகள் எல்லாம் இப்படித்தான். முக்கியப் பிம்பம் பின்னால் உள்ள ரசத்திலிருந்து வருகிறது. முன்பரப்பும் தன் பங்குக்கு ஏறத்தாழ 4 சதவீத ஒளியைத் திருப்பி ஒரு நிழற்பிம்பத்தைத் தருகிறது. நேராகப் பார்க்கும்போது இரண்டும் ஒன்றன் மேல் ஒன்று விழும். சாய்வாகப் பார்த்தால் பிரியும். 5 மி.மீ. தடிமன் கண்ணாடியை 45 பாகையில் பார்த்தால் சுமார் 4 மி.மீ. தள்ளி விழும். முகத்தில் இது தெரியாது. விளக்கு, வெள்ளை எழுத்து, நகையின் விளிம்பு இவற்றில் தெரியும்.

சரி செய்ய, முடிந்தவரை நேராக நின்று எடுங்கள். மெல்லிய கண்ணாடிக்கு மாறினாலும் இடைவெளி குறையும். சாய்வைத் தவிர்க்க முடியாத இடத்தில் போலரைசர் உதவும், பளபளப்பைக் குறைக்க லென்ஸின் முன்னால் மாட்டிச் சுற்றும் ஃபில்டர் அது. கண்ணாடிக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து 56 பாகை அளவில் நின்று ஃபில்டரைச் சுற்றினால் முன்பரப்புப் பிம்பம் கிட்டத்தட்ட அணைந்துவிடும், ரசத்திலிருந்து வரும் பிம்பம் நிற்கும். டிஎஸ்எல்ஆரில் பழைய நேர்கோட்டு வகைப் போலரைசரைப் போடாதீர்கள், ஆட்டோ ஃபோகஸும் ஒளி அளவீடும் பிசகும். வட்ட வகைதான் வேண்டும்.

பொருள்களைக் கண்ணாடி வழியே எடுப்பதே உங்கள் தினசரி வேலை என்றால் முன்பரப்பில் பூச்சு உள்ள கண்ணாடியை வாங்குவதுதான் முடிவான வழி. விலை கூடுதல், விரல் பட்டாலே பாழாகும். பென்சில் சோதனையில் முனையும் பிம்பமும் தொட்டுக்கொண்டு நிற்கும்.

காரின் உள்ளே இருக்கும் பின்பார்வைக் கண்ணாடியில் இரட்டை தெரிந்தால் அதைக் கோளாறாக எண்ண வேண்டாம். இரவில் கூச்சம் குறைக்கக் கீழே ஒரு சிறு நெம்புகோல் உள்ள வகையில் கண்ணாடியின் முன்பரப்பும் ரசமும் வேண்டுமென்றே ஆப்பு வடிவில் வைக்கப்பட்டிருக்கின்றன.

## பிம்பத்தின் ஒரு பகுதி கூர்மை, மற்றது மங்கல், நேர்கோடு நெளிகிறது

கண்ணாடி தட்டையாக இல்லை. தலையை மெல்ல இடமும் வலமும் நகர்த்தி, பிம்பத்தில் தெரியும் கதவு நிலையைக் கவனியுங்கள். நேராகவே நகர்கிறதா, பாம்பு போல நெளிகிறதா? நெளிந்தால் ஒரு தாளில் பெரிய கூட்டல் குறி வரைந்து அதன் பிம்பத்தைப் படமெடுங்கள். நிற்கும் கோடு கூர்மையாகி, படுத்த கோடு மங்கினால் கண்ணாடி ஒரு திசையில் வளைந்திருக்கிறது. எந்த ஃபோகஸிலும் இரண்டும் ஒன்றாக வராது. இதற்குக் கேமராவைக் குறை சொல்லிப் பயனில்லை.

கண்ணாடியைப் பிடித்திருக்கும் கிளிப்புகளின் திருகைக் கொஞ்சம் தளர்த்துங்கள். இறுக்கிய இடத்தில்தான் பெரும்பாலும் வளைவு தொடங்கும். பெரிய, மெல்லிய கண்ணாடியைச் சாய்த்து வைத்திருந்தால் அதன் எடைக்கே நடுவில் தொய்யும். பின்னால் தட்டையான பலகை கொடுங்கள். அக்ரிலிக் கண்ணாடி என்றால் என் அனுபவத்தில் பாடுபட்டுப் பயனில்லை, மாற்றிவிடுங்கள். மாற்றும் வரை, கண்ணாடியின் சிறு பகுதியை மட்டும் பயன்படுத்தி எடுங்கள், அபெர்ச்சரைச் சுருக்குங்கள்.

ஒரு விதிவிலக்கு, வாகனங்களின் பக்கவாட்டுக் குவிகண்ணாடி. அதில் கூட்டல் கணக்கு செல்லாது. சாலை எவ்வளவு தொலைவில் இருந்தாலும் அதன் பிம்பம் கண்ணாடிக்கு மிகக் கிட்டத்தில் பின்னால் இருக்கும். முடிவிலியில் வைத்து எடுத்துவிட்டு மங்கல் என்பார்கள். தட்டைக் கண்ணாடியில் தெரியும் மலைக்கு முடிவிலிதான் சரி. குவிகண்ணாடிக்குச் சட்டத்துக்குச் சற்றே பின்னால் வையுங்கள்.

## கண்ணாடி வைத்து நேர் பார்த்த பிறகு எடுத்த நகல் படமெல்லாம் மங்கல்

ஓவியம், பழைய தாள், ஃபிலிம் ஆகியவற்றை மேலிருந்து படமெடுப்பவர்களுக்கு மட்டும் வரும் பிழை. கேமரா தாளுக்கு நேராக இருக்கிறதா என்று பார்க்க, தாள் இருக்கும் இடத்தில் சிறு கண்ணாடியை வைத்து, லென்ஸின் பிம்பம் சட்டகத்தின் நடுவில் வருமாறு சரிசெய்வோம். அருமையான முறை. ஆனால் கேமரா 60 செ.மீ. உயரத்தில் இருந்தால் லென்ஸின் பிம்பம் 120 செ.மீ.யில் இருக்கிறது. ஃபோகஸ் அங்கே போய்விடும். கண்ணாடியை எடுத்துத் தாளை வைத்தபின் மறுபடி ஃபோகஸ் செய்யாவிட்டால் எடுத்தது அத்தனையும் போச்சு. ஒரு மாலை முழுக்க எடுத்த படங்களை நான் இப்படித் திரும்ப எடுத்திருக்கிறேன். இப்போது அந்தக் கண்ணாடியின் முதுகில் "மறுபடி ஃபோகஸ்" என்று எழுதி ஒட்டியிருக்கிறேன், எடுத்துக் கவிழ்க்கும்போது கண்ணில் படும்.

## கண்ணாடியே இல்லாத காட்சியிலும் மங்கல்

டிஎஸ்எல்ஆர் என்றால் சந்தேகம் இப்போது கேமராவுக்குள் இருக்கும் கண்ணாடிமேல். 45 பாகையில் நிற்கும் பெரிய கண்ணாடி ஒளியை வியூஃபைண்டருக்கு, அதாவது கண் வைத்துப் பார்க்கும் துளைக்கு அனுப்புகிறது. அதன் முதுகில் தொங்கும் சிறு கண்ணாடி, கீழே இருக்கும் ஃபோகஸ் சென்சாருக்கு அனுப்புகிறது. சிறியது மயிரிழை விலகினாலும் ஃபோகஸ் முன்னே பின்னே போகும்.

வியூஃபைண்டரில் மங்கல், படத்தில் கூர்மை என்றால் கண் துளைக்குப் பக்கத்தில் இருக்கும் சிறு சக்கரத்தைத் திருப்புங்கள். உள்ளே தெரியும் எண்கள் கூர்மையாகும் இடத்தில் நிறுத்துங்கள். எண்கள் கூர்மையாகியும் காட்சி மங்கல் என்றால் பெரிய கண்ணாடியோ ஃபோகஸ் திரையோ இடம் மாறியிருக்கும். அது பழுது பார்ப்பவர் வேலை.

படமும் மங்கல் என்றால் அச்சிட்ட தாள் ஒன்றைச் சுவரில் ஒட்டி, லென்ஸ் குவியத் தூரத்தின் 50 மடங்கு தள்ளி, அதாவது 50 மி.மீ.க்கு இரண்டரை மீட்டரில், முக்காலி வையுங்கள். அபெர்ச்சர் முழுத் திறப்பு. வியூஃபைண்டர் வழியாக 5 படம், திரை வழியாக 5 படம் எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஃபோகஸை முடிவிலிக்குக் கொண்டுபோய்விட்டு வாருங்கள்.

திரை வழிப் படமும் மங்கல் என்றால் உள்கண்ணாடிக்கு இதில் பங்கில்லை, லென்ஸைப் பாருங்கள். திரையில் கூர்மை, வியூஃபைண்டரில் எப்போதும் ஒரே பக்கம் பிசகு, அதுவும் ஒரே லென்ஸில் மட்டும் என்றால் மெனுவில் இருக்கும் ஃபோகஸ் நுண் திருத்தம் போதும். எல்லா லென்ஸிலும் அப்படியே என்றாலும், ஐந்தும் ஐந்து விதமாக வந்தாலும் சிறு கண்ணாடியின் இருக்கையோ கீலோ தளர்ந்திருக்கும். அது உட்காரும் முளையை நீங்கள் திருகாதீர்கள். கண்ணாடியைத் துணியால் துடைக்கவும் வேண்டாம். பூச்சு மேற்பரப்பிலேயே இருப்பதால் கீறினால் கீறியதுதான். அதன் மேலிருக்கும் தூசி படத்தில் விழாது. காற்று ஊதும் பந்தால் ஊதிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பழுது பார்க்கக் கொடுக்கும்போது அந்தப் பத்துப் படங்களையும் அழிக்காமல் கார்டிலேயே விட்டு, பயன்படுத்திய லென்ஸையும் சேர்த்துக் கொடுங்கள். நுண் திருத்தத்தை நீங்கள் மாற்றியிருந்தால் பூஜ்ஜியத்துக்குத் திருப்பிவிட்டுக் கொடுங்கள்.